நெட் எங்கே அறுந்தது?

(வைட்ஃபீல்டில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மழை பிடித்துவிட்டால் வைட்ஃபீல்டில் கஸ்டமர் கேருக்குப் போன் போடுபவர்களுக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பது ஒன்று. "உங்க ஏரியாவுல ஃபைபர் கட், டிக்கெட் போட்டிருக்கோம்" என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எது உண்மை என்று போன் போட்டவருக்கும் தெரிவதில்லை, மறுமுனையில் பேசுபவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

இத்தனைக்கும் இது கணினி தெரியாத ஊர் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர்களுக்காக உருவான குடியிருப்பு இது. அதற்காகப் பாடுபட்ட டி.எஸ். ஒயிட்டின் பெயர்தான் ஊருக்கும். 1990-களில் இந்திய-சிங்கப்பூர் கூட்டு முயற்சியாக ஐடிபிஎல் என்ற தொழில்நுட்பப் பூங்கா இங்கே எழுந்தது. இன்று உலகின் எந்த மூலையில் ஒரு சர்வர் படுத்தாலும், நடுராத்திரியில் வைட்ஃபீல்டில் யாராவது ஒருவர் லேப்டாப்பைத் திறந்து உட்கார்கிறார். அவரே வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நெட் போய்விட்டால், கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா கீழே இறங்கி அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கேட்கிறார்: "எல்லார் வீட்லயும் போச்சாப்பா?"

அப்பா கேட்பது சரியான கேள்வி. கோளாறு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. கணினிக்குள்ளா, வைஃபையிலா, ரூட்டரைத் தாண்டி வெளியே போகும் ஃபைபரிலா, பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கும் இடத்திலா, தொலைதூரத்தில் இருக்கும் அந்த இணையதளத்திலேயேவா? "நெட் போச்சு" என்ற ஒரே புகாருக்குள் இந்த ஐந்து கோளாறுகளும் ஒளிந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வாட்ச்மேனைவிட நல்ல சாட்சி ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்குள்ளும் உண்டு. அதுதான் கமாண்ட் பிராம்ட். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் வேண்டாம்.

கறுப்பு ஜன்னல்

விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் சி, எம், டி என்று மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால் கறுப்பு ஜன்னல் திறக்கும். சினிமாவில் ஹேக்கர்கள் தட்டித் தள்ளும் அதே கறுப்புத் திரை என்பதால் பலருக்கு உள்ளுக்குள் ஒரு பயம். இன்று பார்க்கப்போகும் கட்டளைகள் பெரும்பாலும் கேள்விகள் மட்டுமே. கணினியிடம் ஒரு தகவலைக் கேட்கின்றன, அது பதிலை எழுதிக் காட்டுகிறது. எந்தக் கோப்பும் அழியாது. கட்டளைகளை அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவை உச்சரிப்புப்படி தமிழில் அச்சாகின்றன.

முதல் கட்டளை ஐபிகான்ஃபிக். ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று எட்டு எழுத்து. தட்டியதும் திரையில் கடகடவென வரிகள் ஓடும். அவற்றில் பார்க்க வேண்டியவை இரண்டு: "ஐபிவி4 அட்ரஸ்", "டிஃபால்ட் கேட்வே". முன்னது இந்தக் கணினியின் முகவரி. பின்னது வெளியுலகுக்குப் போகும் வாசலின் முகவரி, அதாவது வீட்டு ரூட்டருடையது.

முகவரி 192.168 என்று தொடங்கினால் கணினிக்கும் ரூட்டருக்கும் பேச்சுவார்த்தை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். இந்த எண்கள் வீட்டுக்குள்ளேயே புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. எதிர் பிளாட்டிலும் இதே 192.168.1.5 இருக்கலாம். இரண்டும் மோதாது, ஏனென்றால் எதுவுமே அந்தந்த ரூட்டரைத் தாண்டி வெளியே தெரிவதில்லை.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. கணினி ரூட்டரிடம் முகவரி கேட்டது, பதில் வரவில்லை, வேறு வழியில்லாமல் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வைட்ஃபீல்டின் பிஜி விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இது பழகிய எண்ணாக இருக்கும். ஒரு தளத்தில் முப்பது பேர், ஆளுக்கு ஒரு லேப்டாப், இரண்டு போன், வாரக் கடைசியில் வந்து போகும் நண்பர்களின் போன்கள். ரூட்டரில் கொடுப்பதற்கு 100 முகவரிகள்தான் என்று வைத்திருந்தால், யாரோ விட்டுப்போன போனின் பெயரில் ஒரு நாள் முழுக்க ஒரு முகவரி பூட்டிக் கிடக்கும். 101ஆவது கருவியில் வைஃபை முழுக் கோடு காட்டும், நெட் மட்டும் வராது. பணம் கட்டவில்லை என்று வார்டனும், கனெக்‌ஷனே மோசம் என்று பையன்களும் சண்டை போடுவார்கள். ரூட்டரில் முகவரி வரம்பைக் கூட்டி, ஒதுக்கீட்டு நேரத்தைக் குறைத்தால் தீர்ந்துபோகிற விஷயம்.

முதல் கட்டளையோடு ஒரு சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்து, "ஐபிகான்ஃபிக் /ஆல்" என்று கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்லும். "ஃபிசிக்கல் அட்ரஸ்" என்ற வரியில் இருப்பது நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. 12 குறிகள் கொண்டது, முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிப்பது. விடுதியிலோ அலுவலகத்திலோ "உங்க மேக் ஐடி கொடுங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டியது இதைத்தான். "கெட்மேக்" என்ற கட்டளையும் இதையே சுருக்கமாகத் தரும்.

பிங் அடித்துப் பார்

முகவரி சரியாக இருக்கிறது, ஆனாலும் எதுவும் திறக்கவில்லை. அடுத்த கட்டளை பிங்.

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது இது. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நெட்வொர்க் ஒருநாள் விசித்திரமாக நடந்துகொள்ள, எங்கே கோளாறு என்று பார்க்க ஒரு சிறு புரோகிராம் எழுத உட்கார்ந்தார். சிறு தகவல் துண்டை அனுப்புவது, அது திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது, அவ்வளவுதான். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியே அதற்குப் பெயராயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் பிங்கை அனுப்புவதற்கு முன்பே சக ஊழியர் ஒருவர் அந்த வன்பொருள் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். ஓர் இரவு வேலையில் பிறந்த அந்தப் புரோகிராம் இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கிறது. மூஸ் 2000இல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார்.

பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேட்வேயின் முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் நான்கு முறை கேட்டுப் பார்க்கும். பதில் இப்படி வரும்: "ரிப்ளை ஃப்ரம் 192.168.1.1, பைட்ஸ் 32, டைம் 2 எம்எஸ், டிடிஎல் 64." எம்எஸ் என்பது மில்லிசெகண்ட். வீட்டுக்குள் இருக்கும் ரூட்டரிடமிருந்து இரண்டு மூன்று மில்லிசெகண்டில் பதில் வந்தால் வைஃபை நலம்.

பதில் வராதபோது வரும் வாசகங்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் கேள்வி போனது, நேரத்துக்குள் பதில் வரவில்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் அங்கே போக வழியே தெரியவில்லை. "குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்" என்று வந்தால் கேள்வி கணினியைவிட்டே கிளம்பவில்லை, அந்தப் பெயருக்குரிய முகவரி கிடைக்கவில்லை. எந்த வாசகம் வந்தது என்று கஸ்டமர் கேரில் சொன்னாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.

பிங்கின் உண்மையான பலம் அதைத் தொடர்ந்து ஓடவிடும்போது தெரியும். கட்டளையின் கடைசியில் ஒரு சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்தால், கன்ட்ரோல்-சி அழுத்தும் வரை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு கறுப்பு ஜன்னல்களைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, ஒன்றில் ரூட்டரையும் மற்றதில் 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியையும் கேட்கவிட்டு வேலையைப் பார்க்கலாம். வீடியோ கால் திக்கித் திணறும் நேரத்தில் கண்ணைத் திருப்பினால் போதும். இரண்டு ஜன்னலும் தடுமாறினால் குற்றவாளி வைஃபை. ரூட்டர் ஜன்னல் 2, 3, 2 என்று அமைதியாக ஓட, கூகுள் ஜன்னலில் மட்டும் "டைம்ட் அவுட்" வந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே. அப்போது சுவரில் மாட்டியிருக்கும், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியைப் பார்க்க வேண்டும். லாஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஃபைபரில் ஒளியே வந்து சேரவில்லை. ரூட்டரை நூறு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும். பெங்களூரில் மின்கம்பத்திலும் மரத்திலும் தொங்கும் கேபிள்களை மின் நிறுவனமான பெஸ்காமும் மாநகராட்சியும் அவ்வப்போது வெட்டி இறக்குவதால் இந்தச் சிவப்பு விளக்கு இங்கே பலருக்கும் அறிமுகம்.

வைஃபைதான் குற்றவாளி என்றால், லேப்டாப்பைக் கையில் ஏந்தி, பிங் ஓடிக்கொண்டிருக்க, ஹாலிலிருந்து படுக்கையறைக்கு நடந்து பார்ப்பது நல்ல சோதனை. கான்கிரீட் சுவரைத் தாண்டியதும் 2 என்பது 40 ஆகும், 150 ஆகும், நடுவே ஒரு பதில் காணாமல் போகும். அபார்ட்மென்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ நெட்வொர்க்ஸ் மோட்=பிஎஸ்எஸ்ஐடி" என்று கேட்டால், சுற்றுவட்டார ரூட்டர்கள் ஒவ்வொன்றும் எந்தச் சேனலில் பேசுகிறது என்று வரிசையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இருபது ரூட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே விமோசனம்.

சென்னை வழியாகக் கடலுக்கு

பிங் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் சொல்லும். எந்த வழியாகப் போனது என்று சொல்வது டிரேஸ்ஆர்டி. டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று ஏழு எழுத்து. 1987இல் வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட்டின் விண்டோஸ் வடிவம். யோசனை ஸ்டீவ் டீரிங்குடையது.

அதன் தந்திரம் அழகானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் துண்டிலும் ஓர் எண் எழுதியிருக்கும். அதுதான் மேலே பிங்கில் பார்த்த டிடிஎல். வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனதும் அந்த ரூட்டர் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு "இங்கே செத்துவிட்டது" என்று தகவல் கொடுக்கும். துண்டுகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பாதுகாப்பு இது. டிரேஸ்ஆர்டி வேண்டுமென்றே 1 என்று எழுதி அனுப்பும். முதல் ரூட்டர் பதில் சொல்லும். பிறகு 2, பிறகு 3. சாகும் ஒவ்வொரு துண்டும் தான் செத்த இடத்தைச் சொல்ல, வழி முழுக்கத் துலங்கிவிடும். அதிகபட்சம் 30 நிறுத்தங்கள் வரை தேடும், ஒவ்வொன்றிலும் மூன்று முறை கேட்கும்.

முதல் வரியில் வீட்டு ரூட்டர். அடுத்த வரிகளில் இணைய நிறுவனத்தின் உள் முகவரிகள். அங்கே 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கும் ஓர் எண் தென்பட்டால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று பொருள். ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. வீட்டு சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் பங்கு முகவரிதான்.

நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டியதில்லை. சில ரூட்டர்கள் பதில் சொல்ல வேண்டாம் என்று அமைக்கப்பட்டவை. நட்சத்திரத்துக்கு அடுத்த வரிகள் ஒழுங்காக வந்தால் வழி நன்றாகவே இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் 180 என்று காட்டி, அடுத்த வரியில் 12 என்று இறங்கினாலும் கவலையில்லை. அந்த ரூட்டருக்கு வேலை அதிகம், இந்தக் கேள்விக்குச் சாவகாசமாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஓர் இடத்தில் ஏறிய எண் கடைசி வரை இறங்காமலே இருந்தால்தான் அங்கே விஷயம் இருக்கிறது.

அந்த எண்களில் புவியியலும் படிக்கலாம். ஃபைபருக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1 மில்லிசெகண்ட் என்பது தோராயக் கணக்கு. வைட்ஃபீல்டிலிருந்து சென்னை 3, 4 மில்லிசெகண்டில் எட்டக்கூடிய தூரம். சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் பார்தியும் சிங்டெல்லும் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆக, இங்கிருந்து சிங்கப்பூர் சர்வர் ஒன்று 35 மில்லிசெகண்டுக்குக் குறைவாகப் பதில் சொல்லவே முடியாது. அமெரிக்க மேற்குக் கரை சர்வர் என்றால் 200-ஐத் தாண்டுவது சகஜம். எந்த பிளான் வாங்கினாலும் இந்த எண் குறையாது. 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினால் குழாய் அகலமாகும், தூரம் குறையாது. ஆன்லைன் விளையாட்டு திக்குகிறது என்று பெரிய பிளானுக்கு மாறும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

இந்த ஊருக்கு அந்தத் தாமதத்தோடு பழைய உறவு உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூரில் கடை விரித்தபோது, அமெரிக்காவோடு பேச நிலத்தடி வழி எதையும் நம்ப முடியவில்லை. செயற்கைக்கோள் ஆன்டெனாதான் துணை. அந்தக் கருவிகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய கதை பெங்களூர் ஐடி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கி, பதிலும் அதேபோல் ஏறி இறங்க ஒளிவேகத்திலேயே 480 மில்லிசெகண்ட் ஆகும். போர்ட் பிளேர் மக்கள் 2020 வரை இந்தத் தாமதத்தோடுதான் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே பிங் அடித்துப் பார்த்தவர்கள் அந்த வித்தியாசத்தை எண்ணிலேயே பார்த்திருப்பார்கள்.

தகவல் போகும் வழி அரசாங்கக் கொள்கையின் விஷயமும்கூட. ஒரு காலத்தில் பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர், பக்கத்துத் தெருவில் வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல்கூட அமெரிக்காவோ சிங்கப்பூரோ போய்த் திரும்பும் நிலை இருந்தது. இந்திய நிறுவனங்கள் தங்களுக்குள் இணைந்திருக்கவில்லை. வெளிநாட்டுக் கேபிளுக்கு டாலரில் வாடகை, பயனருக்குத் தாமதம். உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்ள 2003இல் நிக்ஸி என்ற மையம் அமைக்கப்பட்டது. டிரேஸ்ஆர்டி காட்டும் வழியில் சம்பந்தமில்லாமல் ஒரு வெளிநாடு எட்டிப் பார்த்தால், அந்தப் பழைய வியாதி இன்னும் முழுதாகப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பெயர் தொலைந்த இரவு

2021 அக்டோபர் 4, இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல். வாட்ஸ்அப் நின்றது, ஃபேஸ்புக் நின்றது, இன்ஸ்டாகிராம் நின்றது. நாடெங்கும் பலர் எழுந்துபோய் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தார்கள். அன்று ரூட்டர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் டேட்டா சென்டர்களின் இணைப்பையே அறுத்துவிட்டது. அதைத் தொடர்ந்து, பெயரை முகவரியாக மாற்றித் தரும் அதன் சர்வர்கள் இணைய வரைபடத்திலிருந்தே மறைந்தன. மீண்டு வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

அந்த நேரத்தில் ஒருவர் கறுப்பு ஜன்னலில் என்எஸ்லுக்அப் என்று அடித்து ஃபேஸ்புக்கின் பெயரைக் கொடுத்திருந்தால், முகவரி கிடைக்கவில்லை என்ற பதில் வந்திருக்கும். வேறொரு தளத்தின் பெயரைக் கொடுத்திருந்தால் முகவரி உடனே வந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவு: நம் வீட்டில் ஒன்றுமில்லை, அங்கேதான் தீ. ரூட்டரை விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

பெயரை எண்ணாக மாற்றும் இந்த ஏற்பாடுதான் டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தது. அதற்கு முன்பு எல்லாக் கணினிகளின் பெயர்ப் பட்டியலும் ஒரே ஒரு கோப்பாகக் கலிபோர்னியாவில் இருந்தது. அவரவர் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்று '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணையப் பெயர்களும் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன.

டிஎன்எஸ் கோளாறு வீட்டிலும் அடிக்கடி வருவது. அறிகுறி எளிது: 8.8.8.8-க்கு பிங் போகிறது, பெயர் கொடுத்தால் எதுவும் திறப்பதில்லை. என்எஸ்லுக்அப்பில் தளத்தின் பெயருக்குப் பின்னால் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ சேர்த்தால், இணைய நிறுவனத்தின் சர்வரை விட்டுவிட்டு கூகுளையோ கிளவுட்ஃபிளேரையோ கேட்கும். நிறுவனத்தின் சர்வர் விழித்துக்கொண்டு நிற்க, மற்றவர் உடனே பதில் சொன்னால் யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடும். கணினி பழைய முகவரியையே நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடித்தால், "ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்" அந்த நினைவை அழித்துவிடும்.

பயமுறுத்தும் பட்டியல்

இதுவரை பார்த்தவை கோளாறைத் தேட. நெட்ஸ்டாட் என்ற கட்டளையைத் தெரிந்துகொள்ள வேறொரு காரணம் உண்டு. அதோடு சிறுகோடு போட்டு ஏ, என், ஓ சேர்த்தால், இந்தக் கணினி இந்த நொடியில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று முழுப் பட்டியல் வரும். கடைசி நிரலில் உள்ள எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால், பேசுவது எந்தப் புரோகிராம் என்று தெரியும். பிரவுசர் ஒன்றைத் திறந்து வைத்தாலே வரிகள் நிறைந்துவிடும்.

அந்தப் பட்டியலில் "ஃபாரின் அட்ரஸ்" என்று ஒரு நிரல் உண்டு. மறுமுனையின் முகவரி என்பதுதான் அதன் பொருள். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம் என்று போன் செய்யும் மோசடிக்காரர்கள், வயதானவர்களை இந்தக் கட்டளையை அடிக்கச் சொல்லி, "பாருங்கள், வெளிநாட்டு ஹேக்கர்கள் உங்கள் கணினிக்குள் இருக்கிறார்கள்" என்று அந்த நிரலைக் காட்டிப் பயமுறுத்துவது உலகெங்கும் நடந்த மோசடி. இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், அந்த கால் சென்டர்களில் பலவும் இந்தியாவில் இருந்தன என்பதே. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் நடத்திய சோதனைகளுக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் இருந்தன. எந்த நிறுவனமும் தானாகப் போன் செய்து கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லாது. அப்படி ஓர் அழைப்பு வந்து பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும்.

புகாருக்கு ஆதாரம்

கடைசியாக ஒரு குறி. எந்தக் கட்டளையின் முடிவிலும் வலப்பக்கம் பார்த்த கோணக் குறி ஒன்றும் ஒரு புதிய கோப்பின் பெயரும் சேர்த்தால், பதில் திரையில் வராமல் அந்தக் கோப்பில் எழுதப்பட்டுவிடும். கூர்ந்து பார்க்க வேண்டிய மாலை நேரத்தில் நூறு பிங்குகளை இப்படிச் சேமிக்கலாம். சிறுகோடும் என் எழுத்தும் 100 என்ற எண்ணும் அதற்குப் போதும். கடைசியில் எத்தனை போயின, எத்தனை வந்தன, எத்தனை சதவீதம் தொலைந்தன என்று கணினியே கூட்டிக் கொடுக்கும்.

இந்த எண்ணுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிமுறைகளிலேயே, இணைய நிறுவனத்தின் இணைப்பு முனையிலிருந்து சர்வதேச வாசல் அல்லது நிக்ஸி வரை தாமதம் 120 மில்லிசெகண்டுக்குள், தகவல் இழப்பு 1 சதவீதத்துக்குள் என்று அளவு வைத்தார்கள். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறைகள் தர அளவுகளை மேலும் இறுக்கின. ஆகவே, "ஸ்லோவா இருக்கு சார்" என்பதற்குப் பதில், "ரூட்டர் வரை இழப்பு பூஜ்யம், 8.8.8.8 வரை 14 சதவீதம், டிரேஸ்ஆர்டியில் மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பிக்கிறது, கோப்பு இணைத்திருக்கிறேன்" என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால், அதை முதல் நிலை கால் சென்டரில் முடித்துவிட முடியாது. மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

புகார் கொடுத்ததும் டாக்கெட் எண்ணை வாங்கி வைப்பது முக்கியம். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012 விதிமுறைப்படி அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தனி மனிதரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் இந்த வரிசையில் போவதே பலன் தரும்.

 லேப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் இப்போதே ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்க்கலாம். 169.254 வந்தவர்கள் முதலில் கேள்வி கேட்கட்டும்.